கைக்குழந்தைக்குத் தைக்க: துணி முதலிலா, பேட்டர்ன் முதலிலா?

முதன்முதலாகக் கைக்குழந்தைக்குத் தைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரு பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடத்தை, பார்த்து ஆசைப்பட்டு வாங்குவார்கள். அப்புறம் கண்ணுக்குப் பிடித்த பூப்போட்ட துணி. கடைசியில், கையில் அகப்பட்ட பட்டனும் நூலும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அக்காவின் இரண்டு மாதக் குழந்தைக்குத் தலைவழியாக மாட்டும் சட்டை ஒன்றைப் பாப்ளினில் தைத்துக்கொண்டு போனேன். தலை உள்ளே போகவே இல்லை. டேப் வைத்துப் பார்த்தபோது கழுத்து வட்டம் 31 செ.மீ., குழந்தையின் தலைச் சுற்றளவு 38. பேட்டர்னின் மூலையில் "இழுத்தால் நீளும் பனியன் துணிக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன். ஒரு பக்கத் தோள் தையலைப் பிரித்து, அங்கே இரண்டு டிச் பட்டன் வைத்த பிறகுதான் சட்டை உடம்பில் ஏறியது.

அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது. துணி முதலில், அதைத் திறந்து மூடும் சாமான் அடுத்து, பேட்டர்ன் கடைசியில். பணமும் அந்த வரிசையில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

நெய்த துணியா, பனியன் துணியா

பாப்ளின், மல், ஃப்ளானல், டபுள் காஸ் எல்லாம் பாவும் ஊடையுமாக நெய்தவை. நேர்வாக்கில் இழுத்தால் நீளாது. ஜெர்ஸி, இன்டர்லாக், ரிப் ஆகியவை வளையம் வளையமாகப் பின்னியவை. பனியன் துணி என்று நாம் பொதுவாகச் சொல்வது இவற்றைத்தான்.

தைக்கிறவருக்கு நெய்த துணி சுலபம். மேசையில் நகராது, ஓரம் சுருளாது, எந்த மிஷினிலும் தையல் ஒழுங்காக விழும். மாட்டிவிடுகிறவருக்குப் பனியன் துணி சுலபம். நடுராத்திரியில் குழந்தை கையை மடக்கிக்கொண்டு அழும்போது விட்டுக்கொடுப்பது அதுதான். அதனால் முன்பக்கம் முழுக்கத் திறக்கும் சட்டை, சட்டையில் எச்சில் படாமல் கழுத்தில் மாட்டும் பிப், துடைக்கிற துணி, போர்த்துகிற துணி இவற்றுக்கு நெய்தது போதும். தலைவழியாக மாட்டுவது, காலோடு ஒட்டி நிற்பது என்றால் பனியன் துணியேதான்.

அதிலும் ஜெர்ஸியா, இன்டர்லாக்கா என்றால், புதிதாகத் தைப்பவருக்கு யோசிக்காமல் இன்டர்லாக் என்பேன். ஜெர்ஸியை வெட்டிய உடனே ஓரம் குழல் மாதிரி சுருண்டுகொள்ளும். கழுத்துப்பட்டி வைக்கும்போது அது படுத்தும் பாடு கொஞ்சமல்ல. இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், வெட்டினாலும் தட்டையாகக் கிடக்கும். 180 முதல் 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை உள்ளது நல்ல பிடிமானம் தரும். கை பழகிய பிறகு 140 – 180 ஜி.எஸ்.எம். ஜெர்ஸிக்குப் போகலாம். அது இன்னும் மெல்லிசு, வெயிலுக்கு இதம்.

எவ்வளவு நீளும் என்று பார்க்க ஸ்கேல் போதும். துணியை மடித்து, மடிப்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி 10 செ.மீ. அளந்து பிடித்து, சிரமப்படாமல் இழுங்கள். 13 வரை வந்தால் 30 சதவீதம். விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்பதும் முக்கியம். நீண்டுவிட்டு அப்படியே தொய்ந்து நிற்கும் துணியில் கழுத்து இரண்டு துவைப்பில் அகன்றுவிடும்.

மல்லுக்கும் டபுள் காஸுக்கும் இடையே நான் டபுள் காஸ் பக்கம். இரண்டு மெல்லிய அடுக்கை அங்கங்கே புள்ளியாகப் பிணைத்து நெய்திருப்பார்கள். நடுவே காற்று நிற்கும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். ஆனால் நன்றாகவே சுருங்கும், நூலும் பிரியும். குழந்தையைச் சுற்றி வைக்க 120 செ.மீ. சதுரம் வேண்டுமென்றால் துணியின் அகலத்தை முதலில் கேளுங்கள். 112 செ.மீ. அகலத் துணியில் ஒட்டுப்போடாமல் அது வராது.

மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி மூங்கில் கூழிலிருந்து ரசாயன முறையில் எடுத்த விஸ்கோஸ் இழைதான். அமெரிக்காவில் அதை வெறும் மூங்கில் என்று சொல்லி விற்கக் கூடாது, மூங்கிலிலிருந்து செய்த ரேயான் அல்லது விஸ்கோஸ் என்றே எழுத வேண்டும். வழுவழுப்பும் தொங்கும் அழகும் உண்மை. ஈரத்தில் பலம் குறையும், உரசும் இடத்தில் உருண்டை கட்டும் என்பதும் உண்மை. தினம் துவைக்கிற துணிக்கு நான் பருத்தியை விடமாட்டேன்.

எதை வாங்கினாலும் வெட்டுவதற்கு முன் துவைத்துவிடுங்கள். நான் துணியின் மூலையில் 30 செ.மீ. சதுரம் ஒன்றைத் தையலால் குறித்துவிட்டு, பின்னால் எப்படித் துவைப்போமோ அதே சூட்டில் துவைத்துக் காயவைத்து அளப்பேன். 28.5 வந்தால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. மார்புச் சுற்று 50 செ.மீ. உள்ள சட்டையில் அது இரண்டரை செ.மீ. பெரியவர் சட்டையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். குழந்தைச் சட்டையில் மாட்டுவதே கஷ்டமாகிவிடும்.

முத்திரைகளில் இரண்டைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓய்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது துணியில் தீங்கான ரசாயனம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற சோதனை. அதில் முதல் வகுப்பு மூன்று வயது வரையான குழந்தைகளுக்கானது, வரம்பும் இருப்பதிலேயே கடுமை. பருத்தி இயற்கை முறையில் விளைந்ததா என்பது பற்றி அது எதுவும் சொல்லாது. அதைச் சொல்வது ஜி.ஓ.டி.எஸ். என்ற இயற்கை ஜவுளி முத்திரை. அந்த முத்திரைக்கே குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் இழை வேண்டும். ஆர்கானிக் என்ற முழுப் பெயருக்கு 95. தோலைப் பற்றித்தான் கவலை என்றால் முதல் வகுப்பு முத்திரை போதும் என்பது என் எண்ணம்.

மூடுகிற சாமான்

தைத்த சட்டை தினம் எடுக்கப்படுகிறதா, பெட்டியிலேயே கிடக்கிறதா என்பதை முடிவு செய்வது இதுதான்.

டிச் பட்டன் என்கிற பிரஸ் பட்டனில் பிளாஸ்டிக் வகையைக் கையிடுக்கியால் அழுத்திப் பொருத்திவிடலாம். துருப் பிடிக்காது, நிறமும் நிறைய. ஆனால் முதலில் துணியில் ஓட்டை போட வேண்டும். பனியன் துணியில் அந்த ஓட்டையிலிருந்து பின்னல் ஓடும். பின்னால் இன்னொரு அடுக்குத் துணி அல்லது ஒட்டுக் கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) வைக்காமல் குத்தாதீர்கள். கடையில் வாங்கும் குழந்தை உடுப்புகளில் காணும் உலோக வளையப் பட்டன் வேறு வகை. அதன் பற்கள் பின்னலுக்குள் புகுந்து மறுபக்கம் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், தனியாக ஓட்டை தேவையில்லை. பற்கள் முழுக்க மடங்கவில்லையென்றால் கழன்றுவிடும், அல்லது தோலைக் கீறும். அதனால் அந்தப் பட்டனுக்கென்றே உள்ள அச்சு வேண்டும். வாங்கும்போது நிக்கல் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். நிறைய தைக்கப் போகிறவருக்கு வளையப் பட்டன், நாலைந்து உருப்படியோடு நிறுத்துபவருக்கு பிளாஸ்டிக்.

நூலால் தைக்கிற பட்டன் எனக்குப் பிடிக்கும், ஆனால் எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயதில் வைப்பதில்லை. நூல் தளர்ந்தால் அது நேராகத் தொண்டைக்குப் போகிற சாமான். எந்தப் பட்டனையும் தைத்து முடித்ததும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். பிப்புக்கு வெல்க்ரோ சட்டென்று ஒட்டும் என்பார்கள். துவைக்கும்போது பக்கத்துப் பனியன் துணியையெல்லாம் பிறாண்டி வைத்துவிடும், கழுத்திலும் உறுத்தும். பிப்புக்கும் பிரஸ் பட்டன்தான் சரி. கழுத்தில் கட்டும் நாடா வேண்டவே வேண்டாம். சிறு குழந்தைகளின் உடுப்பில் கழுத்துப் பக்கமும் தலைமூடியிலும் கயிறு கூடாது என்று ஐரோப்பியத் தரவிதி இ.என். 14682 சொல்கிறது.

பேட்டர்ன்: தாளா, பி.டி.எஃப்-ஆ, இருக்கிற சட்டையைப் பார்த்தா

அமெரிக்கத் தையல்காரர் எபினேசர் பட்டரிக் 1863-இல் அளவு அளவாக விற்க ஆரம்பித்த தாள் பேட்டர்ன் இன்றைக்கும் கையில் எடுக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே தாளில் நாலைந்து அளவு இருக்கும். ஒன்றை வெட்டினால் மற்றது போச்சு. குழந்தையோ மூன்று மாதத்தில் அடுத்த அளவுக்கு வந்துவிடும். படியெடுத்துத்தான் வெட்ட வேண்டும். பி.டி.எஃப். என்றால் வேண்டிய அளவை வேண்டியபோது அச்சிட்டுக்கொள்ளலாம். தாள்களை ஒட்டுவதுதான் அதன் தொல்லை. குழந்தை உடுப்புக்குத் தாள் குறைவு என்பதால் அதுவும் பெரிதல்ல. இங்கே பி.டி.எஃப். ஜெயிக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்கட்டும். "பக்கத்துக்குப் பொருத்து" என்று விட்டால் எல்லாம் சுருங்கும். முதல் தாளில் இருக்கும் சோதனைச் சதுரத்தை ஸ்கேலால் அளந்த பிறகு மீதியை அச்சிடுங்கள்.

சரியாக இருக்கிற சட்டையைத் தாளில் வைத்து வரைந்துகொள்வது செலவே இல்லாத வழி. கால்சட்டை, தொப்பி, பிப் மாதிரி எளிய உருப்படிகளுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் இன்றைக்குச் சரியாக இருப்பது அடுத்த மாதம் இறுக்கும். ஓர் அளவு கூட்டித்தான் வரைய வேண்டும்.

எந்த வழியானாலும் மாதக் கணக்கை நம்பாமல் உயரத்தைப் பாருங்கள். 56, 62, 68 என்று போகும் ஐரோப்பிய அளவுகள் குழந்தையின் உயரத்தையே செ.மீ.யில் குறிப்பவை. தையலுக்கு விடும் இடம் பேட்டர்னில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் வெட்டுவதற்கு முன் பாருங்கள். உறையில் விற்கும் அமெரிக்கப் பேட்டர்ன்களில் வழக்கமாக 1.5 செ.மீ. சேர்ந்தே வரும், புர்டா என்ற ஜெர்மன் தையல் இதழின் தாள்களில் நாம்தான் சேர்க்க வேண்டும். துணி நாப்பி கட்டுகிற குழந்தை என்றால் இருக்கைப் பகுதியில் கூடுதல் இடம் தேவை.

தொட்டில் செட் பேட்டர்ன்களில் பஞ்சு வைத்த சுற்றுத் தடுப்பும் சேர்ந்து வரும். பார்க்க அழகு, ஆனால் தூங்கும் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து. அமெரிக்கா 2022-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. அதற்கென்று துணி வாங்காதீர்கள்.

நூல், ஊசி, அப்புறம் எங்கே வாங்குவது

நூலில் பெரிய யோசனை வேண்டாம். பனியன் துணிக்குப் பாலியெஸ்டர், ஏனென்றால் பருத்தி நூல் துணியோடு சேர்ந்து இழுபடாமல் அறுந்துவிடும். ஊசி 75 எண் பால்பாயின்ட், அதாவது நுனி உருண்டையானது. சாதாரண ஊசி பின்னலைக் குத்தி ஓட்டை விழவைக்கும். நெய்த துணிக்கு 70 அல்லது 80 எண் சாதாரண ஊசி.

துணி, பேட்டர்ன், பட்டன் எல்லாம் ஒரே பையில் வரும் கிட் பரிசுக்குத் தைக்க வசதி. ஆனால் வெட்டியே வரும் துணியை முன்கூட்டித் துவைக்க முடியாது. துவைத்தால் துண்டுகள் கோணிக்கொள்ளும். வெட்டாத துணி உள்ள கிட் என்றால் வாங்கலாம்.

இணையத்தில் வாங்கினால் நிறமும் வகையும் நிறைய, நேரில் வாங்கினால் கை சொல்லும். நான் இணையத்தில் முதலில் மாதிரித் துண்டு மட்டும் வரவழைப்பேன். அடர்ந்த சிவப்பு, நீலம், கறுப்பு என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். வெள்ளையில் சாயம் ஏறினால் அந்தத் துணியை மீட்டர் கணக்கில் வாங்குவதில்லை.