பிரின் மார் 'சால்ட்' திட்டம்: மார்க் பயம் இல்லாத பேச்சு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அருகருகே இருக்கும் பிரின் மார், ஹாவர்ஃபோர்டு கல்லூரிகள் தங்கள் ஆசிரியர்களுக்குத் தரும் சேவை 'சால்ட்': ஒரு மாணவர் ஆசிரியரின் வகுப்பைக் கவனித்து, கற்பித்தல் பற்றித் தன் கருத்தை அவரிடம் சொல்வார். 'மாணவர்களே கற்பவர்கள், கற்பிப்பவர்கள்' என்ற பொருள் வரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் சால்ட். கல்வியியல் பேராசிரியர் ஆலிசன் குக்-சேத்தர் தலைமையில், மெலன் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2006-07 வாக்கில் தொடங்கியது. மாணவருக்கும் ஆசிரியருக்கும் நடுவே நம்பிக்கை வளர வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு என்னென்ன ஏற்பாடு தேவை என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்த திட்டங்கள் குறைவு.

ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவ ஆலோசகர். இந்த இருவர் கூட்டு வழக்கமாக ஒரு செமஸ்டர் நீடிக்கும். அந்த மாணவர் அந்த வகுப்பில் படிப்பவராக இருக்கக் கூடாது. திட்டத்தின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது. தன் விடைத்தாளைத் திருத்தப்போகிறவரிடம் எந்த மாணவரும் முழு உண்மை பேசமாட்டார். மார்க் நடுவில் இல்லாதபோதுதான் "நீங்கள் கேள்வி கேட்டதும் முன்வரிசை மட்டுமே பதில் சொல்கிறது" என்று நேராகச் சொல்ல முடியும்.

வாரம் ஒரு வகுப்புக்குப் போய்க் குறிப்பெடுப்பது, அதை ஒழுங்குபடுத்தி எழுதுவது, ஆசிரியருடன் ஒரு சந்திப்பு, பிற ஆலோசகர்களோடும் திட்ட இயக்குநரோடும் ஒரு கூட்டம் என்று ஆலோசகரின் வேலை நடக்கும். எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடும். அதற்குச் சம்பளம் உண்டு, இருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவர் வரமாட்டார். வகுப்பறையில் அதிகம் கேட்காத குரல் அவருடையதுதான்.

குறிப்பெடுக்கும் முறை எளிது. தாளை மேலிருந்து கீழாக மூன்று பத்தியாகப் பிரித்து நேரம், கண்டது, தோன்றியது என்று எழுத வேண்டும். உதாரணத்துக்கு: 10.20 மணி. ஆசிரியர் கேள்வி கேட்டார், மூன்று நொடியில் அவரே பதிலும் சொன்னார், பின்னால் பாதி உயர்ந்த கை இறங்கியது. இது கண்டது. 'நான் அங்கே இருந்திருந்தால் யோசிக்க இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருக்கும்' என்பது தோன்றியது. இரண்டையும் கலந்து 'அவசரப்படுகிறார்' என்று எழுதிவிட்டால் ஆசிரியர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார், பேச்சு அங்கேயே முறிந்துவிடும். புது ஆலோசகர்கள் அதிகம் செய்யும் பிழை இது.

அடுத்த பிழை ஆசிரியர் பக்கம் நடப்பது. வகுப்பில் முன்கூட்டியே சொல்லாமல் ஆலோசகரை உட்காரவைத்தால் மாணவர்கள் அவரை வேவு பார்க்க வந்தவராக நினைப்பார்கள். முதல் நாளே யார், எதற்கு வருகிறார் என்று அறிமுகம் செய்ய வேண்டும். "என் குறைகளைச் சொல்" என்று பொதுவாகக் கேட்டாலும் மாணவர் தடுமாறுவார். 'குழு விவாதத்தில் யார் பேசுகிறார்கள்' என்பதுபோல் கவனிக்க ஒரு விஷயத்தை ஆசிரியரே தேர்ந்து கொடுப்பது நல்லது.

குறிப்புகள் ஆசிரியருக்கு மட்டுமே. துறைத் தலைவருக்கோ பணி நிரந்தரக் குழுவுக்கோ போகாது. ஆசிரியர் விரும்பினால் தன் கோப்பில் தானே சேர்க்கலாம். ஒரு முறை கசிந்தால் போதும், அடுத்த செமஸ்டர் யாரும் முன்வரமாட்டார்கள்.

செமஸ்டர் நடுவில் ஆசிரியர் வெளியே போய்விட, ஆலோசகர் பதினைந்து நிமிடத்தில் வகுப்பிடம் கருத்துக் கேட்பதும் உண்டு: எது உதவுகிறது, எது தடுக்கிறது, எதை மாற்றலாம்? சிறிய வகுப்பில் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். அதனால் தட்டச்சு செய்து தொகுத்துத்தான் கொடுக்க வேண்டும். அடுத்த வகுப்பிலேயே ஆசிரியர் எதை மாற்றுகிறார், எதை ஏன் மாற்ற முடியாது என்று வாய்விட்டுச் சொல்வது அவசியம். சொல்லாவிட்டால் கேட்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலை வந்துவிடும்.

இந்த வேலையை ஆய்வுக் கட்டுரையாக்க நினைப்பவர்கள் ஒப்புதல் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கற்பித்தலைச் செம்மைப்படுத்தக் கொடுத்த கருத்து, ஆய்வுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. அதற்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். ஒப்புதல் படிவத்தை ஆசிரியர் அல்லாத ஒருவர் வாங்கி, மார்க் பதிவாகும்வரை உறையில் மூடி வைத்திருப்பதே பாதுகாப்பான வழி. ஆலோசகரும் எழுத்தில் பங்கெடுத்தால், யார் பெயர் எங்கே வரும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. பாடத்தின் உள்ளடக்கம் சரியா என்று ஆலோசகரால் சொல்ல முடியாது; அது அவர் வேலையும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் என்ற ஏற்பாடு பெரிய பல்கலைக்கழகத்தில் சீக்கிரம் திணறும். வாரந்தோறும் ஆலோசகர்களைச் சந்திக்க இயக்குநருக்கு ஒதுக்கிய நேரம் இல்லாத இடத்தில் இதைத் தொடங்கவே கூடாது. அந்த நேரம் கிடைக்கும் கல்லூரி நான்கைந்து ஜோடிகளோடு தொடங்கலாம். இதற்கான விரிவான வழிகாட்டியை எலான் பல்கலைக்கழகம் 2019-ல் இலவச மின்னூலாக வெளியிட்டிருக்கிறது.