மீனா, கோப்பா, துறைமுகமா? கடல் மீன்வளத்தில் அரசுப் பொருளியலாளராக மூன்று வழிகள்

எம்.ஏ. எகனாமிக்ஸ் முடித்தவர்களும் மீன்வளக் கல்லூரியில் பொருளியல் பிரிவு எடுத்தவர்களும் கேட்பது ஒன்றுதான்: கடல், மீன்பிடி, கொள்கை என்று இந்தப் பக்கம் அரசு வேலைக்குப் போக வேண்டுமென்றால் எந்த வாசலில் போய் நிற்பது? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'மீன்வளப் பொருளியலாளர்' என்று பெயர்ப்பலகை வைத்த நாற்காலி நம் நாட்டில் ரொம்பக் குறைவு. அமெரிக்காவில் கடலையும் வளிமண்டலத்தையும் கவனிக்கும் அரசு அமைப்பான நோவாவின் மீன்வளப் பிரிவு பொருளியலாளர்களைத் தனியாகவே வேலைக்கு எடுக்கிறது. மீன்பிடிக்கு ஒரு புது விதி கொண்டுவருகிறார்கள் என்றால் அதனால் மீனவருக்கும் ஊருக்கும் என்ன பாதிப்பு என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது. இங்கே கதை வேறு. ஓரிடத்தில் பொருளியல் உண்டு, மீன் நிச்சயமில்லை. இன்னோரிடத்தில் மீன் உண்டு, பொருளியல் பட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதிலும் ஒரு சிக்கல் உண்டு, பிறகு வருகிறேன்.

ஆக மூன்று வழி. ஒன்று, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணி, அதாவது ஐ.இ.எஸ். இரண்டு, வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் ஏ.ஆர்.எஸ்., அதாவது வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுதி, கொச்சியில் தலைமையகம் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, எல்லோரும் சொல்கிற சி.எம்.எஃப்.ஆர்.ஐ.க்குப் போவது. மூன்று, டி.என்.பி.எஸ்.சி. வழியாக மாநில மீன்வளத் துறை.

பேச்சு எப்போதும் சம்பளத்தில்தான் தொடங்கும், அதை வேகமாக முடித்துவிடலாம். ஐ.இ.எஸ். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100, ஏ.ஆர்.எஸ். விஞ்ஞானிக்கு 57,700. இந்த வித்தியாசத்தை வைத்து யாரும் வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டாம். ஓய்வு வயது ஐ.இ.எஸ்.ஸில் 60, ஏ.ஆர்.எஸ். ஆட்கள் வேலை பார்க்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின், அதாவது ஐ.சி.ஏ.ஆர். விஞ்ஞானிக்கு 62. மாநிலத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தால் தொடக்கம் இவற்றை விடக் குறைவு, ஆனால் சொந்த மாநிலத்திலேயே இருப்பீர்கள், டெல்லி வாடகை கொடுக்க வேண்டாம்.

ஐ.இ.எஸ். 1961-ல் தொடங்கப்பட்ட பணி. வருடத்துக்கு எடுப்பது பெரும்பாலும் இரண்டு டஜனுக்குள்தான். பொருளியல் தாள் மூன்று, இந்தியப் பொருளாதாரம் ஒன்று, ஆங்கிலம், பொது அறிவு, பிறகு 200 மதிப்பெண்ணுக்கு நேர்காணல். தேறினால் டெல்லியில் பயிற்சி, அப்புறம் ஏதாவது ஓர் அமைச்சகத்தில் உதவி இயக்குநர். இந்த 'ஏதாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பணியை நிர்வகிப்பது நிதி அமைச்சகம். இன்று மீன்வளம், சில வருடத்தில் எஃகு, அதற்கடுத்து தொழிலாளர் நலம் என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்கு மீன்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம், கேட்பார்களா என்பது உங்கள் அதிர்ஷ்டம். மத்தியில் மீன்வளத்துக்கென்று தனித் துறையே 2019-ல்தான் வந்தது, அதற்கு முன் கால்நடையோடும் பாலோடும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

ஆனால் மீன்வளத்தில் போஸ்டிங் கிடைத்துவிட்டால் கையில் வருகிற கோப்பின் எடையே வேறு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-ல் தொடங்கியபோது அதன் மொத்த மதிப்பு 20,050 கோடி. இப்படி ஒரு திட்டம், பெரிய செலவுகளைப் பரிசீலிக்கும் செலவின நிதிக் குழுவுக்குப் போகும் முன் பலன் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஏற்கெனவே இருக்கும் திட்டத்தோடு மோதுகிறதா என்று யாராவது எழுத வேண்டும். வர்த்தகத் துறையில் உட்கார்ந்தால் உலக வர்த்தக அமைப்பு. மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022 ஜூனில் ஜெனீவாவில் முடிவானது, 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது, இந்தியா அப்போது அதில் சேர்ந்திருக்கவில்லை. அளவுக்கு மீறிய மீன்பிடித் திறனுக்குத் தரும் மானியத்தை வெட்டும் அடுத்த கட்டப் பேச்சில், வளரும் நாடுகளுக்கு 25 வருட அவகாசம் வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. எங்கள் நாட்டில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 15 டாலர் அளவுக்குத்தான் மானியம், சில பணக்கார நாடுகளில் அது பல ஆயிரம் டாலர் என்று ஜெனீவாவில் நம் அமைச்சர் பேசினார். அந்த மாதிரி ஓர் எண்ணைத் தயார் செய்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைக் கிழிக்கும்போது தாங்கி நிற்கிற வேலை பொருளியலாளருடையது. வரியில்லா டீசல் மானியமா இல்லையா, எந்தக் கணக்கில் வரும், இதெல்லாம் அங்கே சோற்றுப் பிரச்சினை. அமெரிக்கா 2025-ல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது இறால் ஏற்றுமதிக்கு என்ன ஆகும் என்று ராத்திரியோடு ராத்திரியாகக் குறிப்பு எழுதியவர்களும் இந்த மாதிரி மேசைகளில் இருப்பவர்கள்தான். உங்கள் பெயர் எதிலும் வராது. நாடாளுமன்றக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதியே ஒரு கூட்டத்தொடர் போய்விடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சி.எம்.எஃப்.ஆர்.ஐ. இதற்கு நேரெதிர். 1947-ல் தொடங்கியது, ஆரம்பத்தில் பல வருடம் மண்டபத்தில் இருந்து பிறகு கொச்சிக்குப் போனது. மண்டபம், தூத்துக்குடி, சென்னை, விழிஞ்ஞம், விசாகப்பட்டினம், வெராவல் என்று கடற்கரை முழுக்க மையங்கள். இந்தியாவின் கடல் மீன்பாடு, அதாவது பிடித்துக் கரை சேரும் மீன், வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் டன் என்று படிக்கிறோமே, அந்த எண் பிறக்கும் இடம் இதுதான். பிறக்கும் விதத்தைப் பார்த்தால் இந்த வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். மீன் இறங்குதளங்களில் எல்லாவற்றிலும் ஆள் போட முடியாது. அதனால் மாதிரி முறையில் தளத்தையும் நாளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் மதியம் 12-லிருந்து மாலை 6 வரை நிற்பார், மறுநாள் காலை 6-லிருந்து 12 வரை நிற்பார், நடுவில் ராத்திரி என்ன இறங்கியது என்று விசாரித்து எழுதுவார். வந்த படகு 15-க்குள் என்றால் அத்தனையையும் பார்ப்பார், கூடினால் ஒரு பங்கை மட்டும். எத்தனை கூடை, என்ன மீன், என்ன வலை, எத்தனை மணி நேரம் கடலில். இதற்கு மேலே பொருளியலாளர் ஏறி உட்கார்ந்து டீசல், ஐஸ், பேட்டா, ஏலத்தில் போன விலை, கமிஷன், செலவு கழித்தபின் ஓனருக்கும் ஆட்களுக்கும் பங்கு எப்படிப் பிரிகிறது என்று கேட்பார். விசைப்படகில் செலவின் பெரும்பகுதி டீசல்தான் என்பது இப்படித்தான் எண்ணாக மாறுகிறது.

கேரளாவின் மத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன், 2021-ல் 3,300 டன் அளவுக்கு விழுந்தது. ஏன் விழுந்தது என்பதை உயிரியலாளர்கள் கடலின் வெப்பம், மழை, மீன்குஞ்சு பிடிப்பு என்று பேசுவார்கள். விழுந்ததால் யார் நஷ்டப்பட்டது, வள்ளக்காரரா, தலைச்சுமையாக விற்கிற பெண்ணா, எண்ணெய் ஆலையா, சாப்பிடுகிறவரா என்பது பொருளியலாளரின் கேள்வி. இந்தக் கேள்வியோடு ஐந்தாறு வருடம் உட்கார்ந்திருக்க விடுகிற அரசு அலுவலகம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்தச் சிக்கல். ஏ.ஆர்.எஸ்.ஸில் நீங்கள் தேர்வாவது வேளாண் பொருளியல் பிரிவில், எங்கே போவீர்கள் என்பதை ஐ.சி.ஏ.ஆர். முடிவு செய்யும். ஹைதராபாத்தில் பயிற்சி முடிந்ததும் சிம்லாவில் இருக்கும் உருளைக்கிழங்கு நிறுவனம் என்று ஆணை வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். கொச்சியில் சி.எம்.எஃப்.ஆர்.ஐ.யும் மீன்வளத் தொழில்நுட்பத்துக்கான சி.ஐ.எஃப்.டி.யும், சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கான சீபாவும் இருக்கின்றன, அவற்றில் பொருளியலாளர் இடம் எத்தனை காலியாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொரு குறை, இவர்கள் பரிந்துரைக்கலாம், உத்தரவு போட முடியாது. மீன்குஞ்சைப் பிடிக்காமல் இருக்க, பிடிக்கலாம் என்கிற மீனின் குறைந்தபட்ச அளவு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால், அரசாணை ஆவதற்கு மாநிலத்தின் மனசு வேண்டும்.

அந்த மாநிலத் துறைக்கு வருவோம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடி மாநிலத்தின் கையில். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லிருந்து இருக்கிறது. படகுப் பதிவு, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதற்கு நிவாரணம் 8,000 ரூபாய், வரியில்லா டீசல், ஒரு படகைக் கடலுக்கு விடலாமா கூடாதா என்கிற டோக்கன், எல்லாம் இவர்களிடம்தான். கொள்கை என்பது கடைசியில் மீனவர் கண்ணுக்குத் தெரிவது இந்த அலுவலகத்தின் ரூபத்தில்தான். ஆனால் ஆய்வாளர் தேர்வுக்குத் தகுதி மீன்வள அறிவியல், விலங்கியல், கடல் உயிரியல் இந்த வகைப் பட்டங்கள். எம்.ஏ. எகனாமிக்ஸுக்குக் கதவு மூடித்தான் இருக்கிறது. பொருளியல் படித்தவர் வேண்டுமானால் ஒருங்கிணைந்த புள்ளியியல் சார்நிலைப் பணி வழியாகப் போகலாம், அங்கே நெல் கணக்கும் விலைவாசியும் வரும், மீன் எப்போதாவது வரும்.

இது துறைக்குத்தான் நஷ்டம் என்பது என் கட்சி. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை வழக்கைப் பாருங்கள். தமிழ்நாடு அந்த வலையைத் தடை செய்திருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: 12 மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும். பத்து மணி நேரத்தில் போகவர 44 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கூட்டம் தேடி, வலை வளைத்துத் திரும்பினால் டீசல் செலவு போக என்ன மிஞ்சும்? மிஞ்சவில்லை என்றால் விதியை மீறத் தூண்டுகிற விதிதானே அது? மாவட்ட அலுவலகத்தில் இந்தக் கணக்கைப் போட்டு வைக்க ஒரு மேசை இல்லை.

மூன்று வேலையும் ஒரே விஷயத்தில் எங்கே முட்டுகின்றன என்று பார்க்க ஆசையிருந்தால் பாக் நீரிணை ஆழ்கடல் படகுத் திட்டம்தான் பாடம். 2017-ல் வந்தது. கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலைப் படகை விட்டுவிட்டு சூரைக்குத் தூண்டில் போடும் ஆழ்கடல் படகுக்கு மாற வேண்டும், மூன்று வருடத்தில் 2,000 படகு. ஒரு படகு 80 லட்சம், அதில் மத்திய அரசு 40, மாநிலம் 16, வங்கிக் கடன் 16, மீனவர் கைக்காசு 8. காகிதத்தில் அழகு. இலங்கை அதே வருடம் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது, எல்லையில் கைது நடந்துகொண்டே இருந்தது, அதனால் அவசரமும் நியாயமானதுதான். ஆனால் கடலில் இறங்கிய படகு இலக்கில் ஒரு சிறு பங்குதான்.

ராமேஸ்வரம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் மட்டும் போகிற படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலை கரை, ஏலம், கையில் காசு. அந்த ஆளிடம் வாரக்கணக்கில் கடலில் தங்கி, பழக்கமில்லாத தூண்டில் போட்டு, நல்ல விலை கிடைக்கும்வரை சூரையைக் கெடாமல் வைத்திருந்து, பழைய படகையும் ஒப்படைத்துவிட்டு, 16 லட்சம் கடனையும் கட்டு என்றால் என்ன சொல்வார்? டெல்லி மேசைக்கு மானிய விகிதம் தெரியும். கொச்சி மேசைக்கு ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வரவும் என்ன செலவு, என்ன வரவு என்று தெரியும். கடன் தவணை தேதியும் வருமானம் வருகிற தேதியும் பொருந்தாது என்பது ராமநாதபுரத்து ஆய்வாளருக்குத் திட்டம் வருமுன்பே தெரிந்திருக்கும். மூன்றும் ஒரே தாளில் வருவதற்கு இங்கே ஏற்பாடே கிடையாது. பின்னால் இந்த வகைப் படகின் மதிப்பையே 1.20 கோடி என்று உயர்த்த வேண்டி வந்தது.

சரி, எதை எடுப்பது. பொருளியல்தான் காதல், மீன் ஒரு சுவாரசியம் என்றால் ஐ.இ.எஸ். யோசிக்கவே வேண்டாம், எஃகு அமைச்சகத்தில் போட்டாலும் வருத்தப்பட மாட்டீர்கள். கடல்தான் வேண்டும், கேள்வியை விடாமல் துரத்த வேண்டும், கட்டுரை எழுதவும் பிடிக்கும் என்றால் ஏ.ஆர்.எஸ்., உருளைக்கிழங்கு ஆபத்தோடு சேர்த்து. என் ஓட்டு இதற்குத்தான். இடமாற்றம் கேட்டுக் காத்திருக்கலாம், ஐ.இ.எஸ்.ஸில் கிடைத்த மீனும் கைநழுவும். பி.எஃப்.எஸ்ஸி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலை படித்துவிட்டு ஊரை விட்டுப் போக மனமில்லாதவர் டி.என்.பி.எஸ்.சி. எழுதுங்கள், பொருளியலை நீங்களாகக் கற்றுக்கொள்ளுங்கள், உள்ளே அதைக் கேட்க ஆளில்லை என்பதாலேயே அதற்கு மதிப்பு உண்டு.

இன்னும் பட்டம் முடிக்காதவர்கள் மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமான சி.ஐ.எஃப்.இ.யிலோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ மீன்வளப் பொருளியலில் முதுநிலை பார்க்கலாம். ஆனால் சேரும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: கடைசியாக வந்த ஏ.ஆர்.எஸ். அறிவிப்பையும் ஐ.இ.எஸ். அறிவிப்பையும் எடுத்து, தகுதிப் பட்டியலில் அந்தப் பட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 'இதற்கு இணையானது' என்பதை நம்பி இரண்டு வருடத்தைப் போட வேண்டாம், அந்த இணையை நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில்தான் விழும்.