விற்கிற பிள்ளைகளும் உட்காரும் சேலைக்கடை

தீபாவளிச் சேலைக்காக ஈப்போவுக்கு பஸ் ஏறுகிறவர்கள், ஒருமுறை மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்வரிசையில் இருக்கிற சேலைக்கடைக்கும் போய்ப் பாருங்கள். வாசலில் பொம்மை இல்லை, பாட்டுச் சத்தம் இல்லை. உள்ளே நுழைந்ததும் என் கண் போனது மேசைக்குப் பின்னால் கிடந்த நாற்காலிகள் மேல்தான். முதுகு சாய்கிற, கால் வைக்கக் கம்பி உள்ள உயரமான நாற்காலிகள். விற்கிற பிள்ளைகள் அதில் உட்கார்ந்தபடியே சேலையை விரிக்கிறார்கள், உட்கார்ந்தபடியே மடிக்கிறார்கள். மேல்தட்டில் இருப்பதை எடுக்க மட்டும் எழுந்திருக்கிறார்கள். முதலாளியம்மா பக்கத்துக் கல்லாவிலேயே இருக்கிறார். அவரைக் கண்டு யாரும் பதறி எழவில்லை. "நாள் முழுக்க நின்னா சாயங்காலம் எந்தப் பிள்ளை முகத்துல சிரிப்பு வரும், சொல்லுங்கக்கா" என்றார்.

நட்சத்திரம் அத்தனையும் இதற்கே கொடுப்பேன். நானும் ஜவுளிக்கடையில் நின்றவள்தான்.

கித்தா (ரப்பர்) மரம் சீவி நான் பட்டது போதும், நீயாவது டவுனில் பிழைத்துக்கொள் என்று அம்மா என்னை ஒரு பெரிய கடையில் சேர்த்துவிட்டார். எந்தக் கடை என்பது வேண்டாம். மேல்மாடியில் தங்கல், எல்லாரும் பாய் விரித்துவிட்டால் கால் வைக்க இடம் இருக்காது. காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு இறக்கும் வரை நிற்க வேண்டும். ஆள் வராத நேரத்திலும் அலமாரியில் சாயக் கூடாது. சோற்றுக்கு உட்காரும்போதுதான் முழங்கால் மடங்கும். கெண்டைக்காலில் அன்றைக்குப் புடைத்த நரம்பு இன்னும் இறங்கவில்லை. எல்லாக் கடையிலும் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டோம்.

பல வருடம் கழித்து ஒரு தொழிற்சங்க வகுப்பில்தான் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்ற பெயரைக் கேட்டேன். அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1873-ல் இங்கிலாந்தில் சார்ட் என்ற சின்ன ஊரில், பதினொரு பிள்ளைகள் உள்ள வீட்டில் பத்தாவதாகப் பிறந்தவர். 14 வயதிலேயே பிரைட்டனை ஒட்டிய ஹோவ் நகரத் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்தடுத்துப் பார்த்த கடைகளில் அவருக்கும் கடையோடு தங்கல்தான். வாரத்துக்கு 80 முதல் 100 மணி நேரம் வேலை. லண்டனுக்குப் போன பிறகு ஒருநாள் பொரித்த மீனும் கிழங்கும் வாங்கித் தின்றுகொண்டே சுற்றிவந்த பேப்பரைப் படித்திருக்கிறார். கடை ஊழியர்களே, சங்கத்தில் சேருங்கள் என்று அதில் ஒரு கடிதம். போய்ச் சேர்ந்துவிட்டார்.

பகலெல்லாம் கடை. இரவு மற்ற பெண்கள் தூங்கிய பிறகு, நாற்காலி முதுகில் துண்டைப் போட்டு வெளிச்சத்தை மறைத்து, அரைக்காசு மெழுகுவர்த்தியில் சங்கப் பத்திரிகைக்கு எழுதுவார், 'கிரேஸ் டேர்' என்ற புனைபெயரில். இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் மேல்மாடி அறை அப்படியே கண்முன் வந்தது. அங்கே அப்படி விளக்கு ஏற்ற எங்களில் யாருக்கும் தோன்றவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

1896 முதல் இரண்டு வருடம் கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து, உள்ளே நடப்பதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். 1898-ல் சங்கத்தின் உதவிச் செயலாளர். 1899-ல் பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாட்டில் அத்தனை ஆண்களுக்கு நடுவே பேராளராக உட்கார்ந்த ஒரே பெண். மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்ற சட்டமும் அதே 1899-ல்தான் அங்கே வந்தது. 1923-ல் நார்த்தாம்டன் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். அதே வருடம் தொழிற்சங்கப் பேரவையின் முதல் பெண் தலைவர். 1929-ல் தொழிலாளர் அமைச்சர், பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பிடித்த முதல் பெண். ஆனால் 1931-ல் அவர் கொண்டுவந்த சட்டத்தால் கல்யாணமான பெண்கள் ஏராளமான பேருக்கு வேலையில்லா உதவித்தொகை நின்றுபோனது. கடைப்பெண்ணாக இருந்தவர் பெண்கள் வயிற்றில் அடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வருடத் தேர்தலில் தோற்றார்.

நம்ம பக்கமும் இந்தக் கதை உண்டு. 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கமாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனை நாடுகடத்தினார்கள். கடையில் உட்காரும் உரிமைக்காகக் கோழிக்கோட்டில் விஜி என்ற தொழிலாளிப் பெண்ணும் தோழிகளும் போராடி, 2018-ல் கேரளாவில் சட்டம் வந்தது. 2021-ல் தமிழ்நாட்டிலும் வந்தது.

சரி, சேலைக்கு வருகிறேன். சாஃப்ட் சில்க் 180 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) இருக்கிறது. சுங்குடி 70 வெள்ளிக்குள் கிடைக்கும். ஒரு மயில்கழுத்து நிறச் சேலையை எனக்கு எடுத்துப்போட்ட பிள்ளை, கேட்காமலே முந்தியைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினாள். ஜரிகை நூல் நீட்டு நீட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "வளையல் மாட்டும் ஆன்ட்டி, வலைத்துணி வெச்சுத் தைச்சுக்குங்க. இல்லாட்டி இந்த அரக்குக் கலரைப் பாருங்க, நூல் வெட்டியிருக்கு" என்றாள். இரண்டாவது சேலை 25 வெள்ளி விலை குறைவு. அதைத்தான் எடுத்தேன். கால் வலிக்க நின்றுகொண்டு, எப்போது இந்தப் பொம்பளை கிளம்புவாள் என்று இருக்கிற பிள்ளை இவ்வளவு பொறுமையாகச் சொல்லமாட்டாள். நானே சொல்லியிருக்கமாட்டேன்.

குறையும் உண்டு. உள்ளே மஞ்சள் விளக்கு. அரக்கும் குங்குமச் சிவப்பும் ஒன்றுபோலத் தெரிகிறது. அஞ்சடிக்கு, அதாவது கடைவாசல் நடைபாதைக்கு, எடுத்துப்போய் வெயிலில் பார்த்துவிட்டு வாங்குங்கள், முகம் சுளிக்கமாட்டார்கள். ரவிக்கையை வெளியே கொடுத்துத்தான் தைக்கிறார்கள். இரண்டு வாரம் என்றார்கள், மூன்றாகிவிட்டது. கைச்சுற்றும் கொஞ்சம் பிடித்தது. ரவிக்கைக்கு உங்கள் வழக்கமான தையல்காரரிடமே போவது நல்லது. பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை வகை குறைவு.

சாயங்காலம் ஆறரைக்குக் கடை மூடிவிடும். ஏழு மணிக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து நம் நாட்டுச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்குச் சம்பளம். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், அந்தக் கணக்கில் பிள்ளைகளுக்குச் சம்பளம் போடுகிறேன் என்று முதலாளியம்மா சொன்னார். நெரிசல் இல்லாமல் எடுக்க வேண்டுமென்றால் புதன், வியாழன் காலையில் போங்கள். புதுச் சரக்கு பிரிப்பதும் அப்போதுதான்.