குளக்கட்டு, வரம்பு, தெருக்கரை: பழைய மசி ரக்ரர் கவிழாமலும், கவிழ்ந்தால் எஞ்சின் கெடாமலும்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ரக்ரர் கவிழ மலை தேவையுமில்லை. தெருவிலிருந்து வயலுக்கு இறங்கும் நாலடிச் சரிவு, குளக்கட்டு, மாரியில் ஊறிய வாய்க்கால் கரை, சுற்றுக்கட்டு இல்லாத தோட்டக் கிணற்று ஓரம், இவ்வளவே போதும். சரிவு சிறிதென்பதால் கியரைக் குறைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. மசி பெர்குசன் 135, 240 வகை இயந்திரங்களை வலிகாமத்துச் செம்மண்ணிலும் தென்மராட்சி வயல்களிலும் நெடுங்காலம் பாவித்ததில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறோம்.

மிகவும் உதவியது காசு செலவில்லாத ஒன்று: பின் சில்லுகளின் இடைவெளி. ரிம்மையும் நடுத்தட்டையும் மாற்றிப் பூட்டினால் 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை, 4 அங்குலம் 4 அங்குலமாக அகட்டலாம். வெங்காயத் தோட்டத்துக்கென்று ஒடுக்கிவிட்டு அதே அகலத்தில் குளக்கட்டில் ஏறுவதுதான் பிழை. அகட்டியபின் முதல் நாள் வேலை முடிந்ததும் நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும்.

அடுத்தது ரயருக்குள் தண்ணீர். வால்வு உச்சியில் நிற்கும்படி சில்லைத் திருப்பி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிறையும், 13.6-28 ரயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 லீற்றர். பாரம் தரைக்குக் கிட்ட இறங்குவதால் பக்கவாட்டில் சரிவது நன்றாகக் குறைகிறது. குறைகளும் உண்டு: பஞ்சரானால் தண்ணீர் முழுவதையும் இறக்கவேண்டும், வால்வைச் சுற்றி ரிம் துருப்பிடிக்கும். பின்னால் றொட்டவேற்றரும் (மண்ணைக் கிளறும் சுழல்கலப்பை) தூக்கி நின்றால் முன்பக்கம் லேசாகிவிடும். முன் பாரக்கட்டைகள் இல்லாமல் தண்ணீரை மட்டும் நம்பக்கூடாது.

பின்னோக்கிக் கவிழ்வதுதான் ஆளைக் கொல்வது. சில்லு அசையாமல் பிடித்துக்கொண்டால், எஞ்சினின் விசை அச்சைச் சுற்றி ரக்ரரின் உடலையே தூக்கும். மீளமுடியாத நிலைக்கு முக்கால் செக்கனில் போய்விடும். கிளச்சை மிதிக்க அந்த நேரம் காணாது. இரும்புச் சில்லு பூட்டி உயர்ந்த வரம்பில் முன்பக்கமாக ஏறுவது இதனால்தான் ஆபத்து. வரம்பை வெட்டித் தணியுங்கள், அல்லது நேர்குறுக்காக றிவேர்ஸில் ஏறுங்கள். சேற்றில் புதைந்ததும் பின் சில்லுகளுக்குக் குறுக்கே கட்டை கட்டி எடுக்கும் பழக்கத்தை அடியோடு விடவேண்டும். சில்லின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி, வந்த வழியே பின்னால் எடுங்கள். இன்னொரு இயந்திரத்தால் இழுப்பதென்றால் சங்கிலி கீழ்க் கொழுவியில்தான்; மேல் இணைப்பில் கொழுவினால் இழுக்கும் ரக்ரரே மல்லாக்க விழும்.

பின் சில்லு ஒவ்வொன்றுக்கும் தனிப் பிறேக் மிதி உண்டு; வயலில் ஒற்றைப் பிறேக்கால் திருப்புவது வசதி. தெருவேறும்போது இரண்டு மிதிகளையும் பூட்டிக்கொள்ளாவிட்டால், வேகத்தில் ஒரு சில்லு மட்டும் பிடித்து இயந்திரம் அப்படியே புரளும். பூட்டினாலும் இரண்டும் சமமாகப் பிடிக்கவேண்டும். மணலில் ஓட்டி நிறுத்தி, இரு ரயர்த் தடங்களும் ஒரே நீளமா என்று பாருங்கள். வாய்க்கால் ஐந்தடி ஆழமென்றால் கரையிலிருந்து ஐந்தடி தள்ளி ஓடுங்கள். நிறைந்த தண்ணீர் பவுசரைவிட அரைவாசி பவுசர் மோசம்; வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் அடித்துப் பவுசரையே இழுக்கும். மட்காட்டில் ஆள் ஏற்றவே கூடாது.

வெயிலுக்குப் போட்ட குழாய்க் கூரை பாதுகாப்புச் சட்டம் (கவிழும்போது ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம்) ஆகாது, விழும்போது நசிந்துவிடும். அச்சுக்கூட்டில் நட்டுப்பூட்டிய உறுதியான சட்டமும் இருக்கைப் பட்டியும் சேர்ந்தால்தான் காப்பு. சட்டம் இல்லாத இயந்திரத்தில் பட்டி கட்டக்கூடாது. ஒழுங்கையில் மாமரக் கிளை தட்டுகிறதென்று சட்டத்தை மடித்தால், வயலில் இறங்குமுன் நிமிர்த்துங்கள்.

கவிழ்ந்துவிட்டால் முதலில் ஸ்ரொப் கம்பியை இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள். ஆள் அகப்பட்டிருந்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். இரு பக்கமும் பனங்குற்றி முட்டுக்கொடுக்காமல் ரக்ரரை அசைக்காதீர்கள். பற்றரியின் மறை வயரைக் கழற்றுங்கள், டீசல் குழாயை அடையுங்கள், ஒழுகிய இடத்தில் மண் போடுங்கள், பீடி சிகரெட் வேண்டாம்.

நிமிர்த்த ஜேசிபி கிடைத்தால் அதுதான் நல்லது. இல்லாவிட்டால், மேலே நிற்கும் பக்கத்தின் பின் அச்சுக்கூட்டில் சங்கிலியைக் கட்டி, ரக்ரரின் வயிறு பார்க்கும் திசைக்கு இழுக்கவேண்டும். சில்லிலோ ஸ்ரேரிங் தண்டிலோ கட்டக்கூடாது. நிலத்திலுள்ள ரயர்கள் வழுக்காமல் அவற்றின் முன்னால் குற்றி அடியுங்கள். எதிர்ப்பக்கமும் ஒரு கயிற்றைப் பிடித்து மெதுவாக விடவேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் போய்விடும். இழுக்கும் இயந்திரம் மட்டமான நிலத்தில் முதல் கியரில் நிற்கவேண்டும். சங்கிலி நீளத்தின் ஒன்றரை மடங்குக்குள் யாரும் நிற்கக்கூடாது.

நிமிர்ந்ததும் ஸ்ராட் பண்ணிப் பார்க்கும் ஆசைதான் எஞ்சினைக் கெடுக்கிறது. சிலிண்டருக்குள் ஒயில் இறங்கியிருக்கும். ஒயில் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கொனெக்ரிங் றொட் வளையும். டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் மூன்று இன்ஜெக்ரர்களையும் கழற்றி, ஸ்ரொப் இழுத்த நிலையில் எஞ்சினைச் சுற்றுங்கள். துளையிலிருந்து ஒயில் பீறிடும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். எயார் கிளீனர்க் கிண்ணத்து ஒயில் காற்றுக் குழாய்க்குள் ஓடியிருக்கும், அதையும் கழற்றித் துடையுங்கள். துடைக்காவிட்டால் எஞ்சின் அந்த ஒயிலை எரித்தே கட்டுப்பாடில்லாமல் ஓடும், ஸ்ரொப் வேலை செய்யாது. முதல் ஸ்ராட்டின்போது காற்று வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டு கையில் இருக்கட்டும்.

புது செப்பு வாசர் போட்டு, இன்ஜெக்ரரின் இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். எஞ்சின், கியர்பெட்டி ஒயில், றேடியேற்றர்த் தண்ணீர், பற்றரி அசிட் மட்டங்களைப் பார்த்து, டீசலில் காற்றெடுத்துவிட்டு ஸ்ராட் பண்ணலாம். ஒயில் அழுத்தம் உடனே ஏறாவிட்டால் நிறுத்துங்கள். முன் அச்சு ஊசி, ஸ்ரேரிங் தண்டு, பிறேக் லைனிங்கில் ஒயில் பட்டதா என்பதெல்லாம் பார்த்து முடியும்வரை இழுவைப் பெட்டி கொழுவவேண்டாம்.