"ஸ்காலர்ஷிப் கன்ஃபார்ம்" என்று சொல்லிப் பணம் கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வெளிநாட்டில் முதுகலை படிக்க ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம், கிடைக்காவிட்டால் கட்டிய பணம் முழுவதும் வாபஸ் என்று சொன்ன ஒரு கன்சல்டன்சியிடம் என் தம்பிக்காகப் பணம் கட்டினோம். ஸ்காலர்ஷிப்பும் வரவில்லை, பணமும் வரவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. தவிர, எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட வேறு குடும்பத்தினர் காட்டிய ஒப்பந்தக் காகிதங்களைப் பார்த்தால், நிறுவனத்தின் பெயர்தான் வேறு, உள்ளே வாசகங்கள் அச்சு அசலாக ஒன்றுதான். ஒரு பெயரைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்கிற விஷயமில்லை இது, அதனால் எந்த இடத்தில் கையை வைக்கிறார்கள் என்பதையே விவரமாக எழுதுகிறேன்.

கவுன்சிலர் என்று உட்கார வைத்திருந்தவர் நன்றாகப் பேசினார், குறை சொல்ல முடியாது. தம்பியின் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ப்ரொஃபைலுக்கு ஸ்காலர்ஷிப் கன்ஃபார்ம் மேடம், நீங்க எதுவுமே செய்ய வேண்டாம், எல்லாத்தையும் நாங்களே பார்த்துக்கிறோம். தம்பி நல்லாப் படிச்சா மட்டும் போதும்" என்றார். அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் மாணவர்களை எச்சரிக்க, மோசடிக்காரர்கள் வழக்கமாகப் பேசும் வசனங்களையே ஒரு பட்டியலாகப் போட்டு வைத்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் உறுதி, இல்லாவிட்டால் பணம் வாபஸ். இந்தத் தகவல் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. வேலை முழுவதையும் நாங்களே செய்துவிடுகிறோம். இடத்தைப் பிடித்து வைக்க உங்கள் வங்கிக் கணக்கு எண் வேண்டும். இந்த வகை மோசடிக்கென்றே அங்கே 2000ஆம் ஆண்டு தனிச் சட்டம் போட்டார்கள் என்றால் எவ்வளவு பழைய தொழில் இது என்று பாருங்கள். எங்கள் கவுன்சிலர் அந்தப் பட்டியலில் ஒரு வரியையும் விடவில்லை.

சரி, கட்டிய பணத்துக்கு என்ன செய்தார்கள்? பேக்கேஜில் மூன்று இருந்தன.

முதலாவது செவெனிங். பிரிட்டிஷ் அரசு 1983லிருந்து கொடுக்கும் ஸ்காலர்ஷிப், கட்டணம், மாதாந்திரப் படி, விமானச் செலவு எல்லாம் அதில் அடங்கும். விண்ணப்பிக்க ஒரு பைசா கிடையாது, இணையத்தில் நாமே நேரடியாக நிரப்பலாம். ஆனால் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம், அவர்கள் கணக்கில் 2,800 மணி நேரம், இருந்தாக வேண்டும். என் தம்பி அப்போதுதான் கடைசி செமஸ்டர் முடித்திருந்தான். அதைவிட வேடிக்கை, அந்த விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும், இவர்கள் எங்களிடம் பணம் வாங்கியது மார்ச்சில். தகுதியே இல்லாத ஒரு பையனுக்காக, மூடிக் கிடக்கும் ஒரு விண்ணப்பத்தை நிரப்புவதற்குக் கட்டணம். "அப்ளை பண்ணியாச்சு, ரிசல்ட் வரணும்" என்று மாதக் கணக்கில் சொன்னார்கள். விண்ணப்ப எண்ணைக் கேட்டால் மட்டும் சிஸ்டம் டவுன்.

இரண்டாவது ஃபாஃப்ஸா. இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அமெரிக்க அரசின் கல்வி உதவிக்கான படிவம் அது, அதன் பெயரின் முதல் எழுத்தே 'ஃப்ரீ' என்பதைத்தான் குறிக்கிறது, இலவச விண்ணப்பம். அமெரிக்கக் குடிமக்களும், நிரந்தர வசிப்புரிமை போன்ற சில தகுதிகள் உள்ளவர்களும் மட்டுமே அந்த உதவிக்குத் தகுதியானவர்கள், மாணவர் விசாவில் போகிறவருக்கு அது கிடையவே கிடையாது. எங்கள் ரசீதில் 'ஃபாஃப்ஸா ஃபைலிங்' என்று தனி வரி, தனித் தொகை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதற்காவது விண்ணப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை.

மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருந்த வரி: "குறைந்தபட்சம் ஒரு பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப் பெற்றுத் தரப்படும், தவறினால் சேவைக் கட்டணம் முழுமையாகத் திருப்பித் தரப்படும்." பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது, அதில் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைக் கழித்திருந்தார்கள், பெயர் என்னவோ 'இன்டர்நேஷனல் ஸ்காலர்ஷிப்' என்றுதான் போட்டிருந்தது. கவுன்சிலர் இனிப்பு கொடுக்காத குறை. நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பக்கத்தைத் திறந்து படித்தேன். அந்த வருடம் அந்தத் துறையில் சேரும் வெளிநாட்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் விண்ணப்பமே இல்லாமல் தானாகக் கிடைக்கும் தள்ளுபடி அது. யாரும் போராடி வாங்கித் தரவில்லை, யார் விண்ணப்பித்திருந்தாலும் அதே கடிதம்தான் வந்திருக்கும். கழித்தது போக மீதி இருந்த தொகை எங்கள் சக்திக்கு எட்டாதது. ஆனால் காகிதத்தில் 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல் வந்துவிட்டதே, அதனால் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டதாம், வாபஸ் கிடையாதாம்.

இந்த உத்தரவாதத்தில் அவர்கள் தோற்கவே வழியில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. எல்லாருக்கும் கிடைக்கிற தள்ளுபடியை வைத்திருக்கும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டால் போதும், வாக்குறுதி காப்பாற்றப்பட்டுவிடும். ஒப்பந்தத்தில் 'முழுக் கட்டணம்' என்றோ 'கட்டணத்தில் பாதிக்கு மேல்' என்றோ 'போட்டி முறையில் வழங்கப்படும்' என்றோ எங்கேயும் இல்லை, இருக்கவும் விடமாட்டார்கள்.

மீதிப் பணத்துக்கு வழி என்ன என்று கேட்டால் "பார்ட் டைம் பார்த்தா ஃபீஸ் எடுத்துடலாம் மேடம், எல்லாரும் அப்படித்தான்" என்றார். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் பட்டப்படிப்புக் காலத்தில், வகுப்புகள் நடக்கும் நாட்களில், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. அதற்கும் முன்னால், விசா கிடைக்கவே முதலாண்டுக் கட்டணமும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். போன பிறகு சம்பாதித்துக் கட்டுவது என்ற கணக்கு அந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது, இது தினமும் விசா வேலை பார்க்கும் ஒருவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்களுக்குக் கொடுத்த 'உங்களுக்கு ஏற்ற பல்கலைக்கழகங்கள்' பட்டியலில் ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும்தான். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பங்கை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும் என்பதால் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆனாலும் கணக்கே வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளும் பட்டியலில் இல்லை. தேர்வானால் கட்டணமும் போய், மாதம் 1,400 யூரோ படியும் தருகிற திட்டம் அது, அந்தந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் குழுவுக்கு நாமே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்குள். ஏன் இவை இல்லை? பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல பல்கலைக்கழகங்கள், மாணவரைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏஜென்டுக்கு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு சதவீதத்தைக் கமிஷனாகக் கொடுக்கின்றன. இது ரகசியமில்லை, சட்டவிரோதமும் இல்லை. ஆனால் கட்டணமே இல்லாத இடத்தில் எதிலிருந்து சதவீதம் எடுப்பது? மாணவனுக்கு உண்மையிலேயே மலிவான வழி எதுவோ அது ஏஜென்டுக்கு வருமானமில்லாத வழி. எங்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் வாங்கப் பார்த்தார்கள், எங்களிடம் சேவைக் கட்டணம், தம்பி சேர்ந்திருந்தால் அந்தப் பக்கம் கமிஷன், அதை ஒப்பந்தத்தில் எங்கேயும் சொல்லவும் இல்லை.

பணம் போனதைவிட என்னைக் கொதிக்க வைத்தது மின்னஞ்சல் கதைதான். விண்ணப்பங்களுக்காகத் தம்பி பெயரில் புது மின்னஞ்சல் ஒன்றை அவர்களே தொடங்கி, பாஸ்வேர்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். "டாக்குமெண்ட் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்" என்று காரணம். சண்டை போட்டு அந்தப் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போய்ப் பார்த்தால், இவன் அடம்பிடித்துப் போடச் சொன்ன வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து, துறையின் சொந்த நிதியுதவிக்கு உங்களைப் பரிசீலிக்கிறோம், இந்தத் தேதிக்குள் ஒரு சிறு கட்டுரை அனுப்புங்கள் என்று ஒரு கடிதம். திறந்து படித்த அடையாளம் இருக்கிறது, பதில் இல்லை, தேதி எப்போதோ முடிந்துவிட்டது. கேட்டதற்கு "அது பார்ட்னர் யுனிவர்சிட்டி இல்லைங்க மேடம்" என்றார்கள். கிடைத்திருக்குமா கிடைத்திருக்காதா என்பது வேறு, கேட்கிற வாய்ப்பே ஒரு பையனுக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள். அதே பெட்டியில் அவன் பெயரில் அவர்கள் எழுதி அனுப்பிய எஸ்.ஓ.பி.யும் (ஏன் இந்தப் படிப்பு என்று மாணவரே எழுத வேண்டிய கட்டுரை) கிடந்தது. சிவில் படித்தவனுக்குச் சின்ன வயதிலிருந்தே டேட்டா சயன்ஸ் மீது தீராத ஆர்வமாம். வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இது கண்டுபிடிக்கப்பட்டால் நிராகரிக்கப்படுவது மாணவன்தான், ஏஜென்ட் இல்லை.

அடுத்த வசூலுக்கும் முயற்சி நடந்தது, நாங்கள் கொடுக்கவில்லை. யாரோ ஒரு அறக்கட்டளை பெயரில் தம்பிக்கு முழு ஸ்காலர்ஷிப் ஒதுக்கியாகிவிட்டது, தொகையை விடுவிக்க வரியும் செயலாக்கக் கட்டணமும் முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று கடிதம் வந்தது. அவன் விண்ணப்பிக்கவே இல்லாத ஒன்று. அவனுடைய பாஸ்போர்ட் எண் வரை அதில் சரியாக இருந்தது, எங்கிருந்து போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லா ஏஜென்டும் திருடர் இல்லை. மாணவரிடம் எதுவும் வாங்காமல் கமிஷனில் மட்டும் ஓடுகிற, அதை வெளிப்படையாகச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன, விசா காகிதம் அடுக்குவதற்கு அவர்கள் உதவலாம். பல்கலைக்கழகங்கள் கேட்கும் விண்ணப்பக் கட்டணமும் மொழித் தேர்வுக் கட்டணமும் உண்மையானவைதான். அவற்றைப் பல்கலைக்கழகத்தின் அல்லது தேர்வு நிறுவனத்தின் தளத்தில் நீங்களே கட்டுங்கள். அமெரிக்காவில் நிறையப் பல்கலைக்கழகங்கள், வசதியில்லை என்று எழுதிக் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தையே விலக்கிவிடும், இதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி., பிரிட்டனின் காமன்வெல்த், ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், இந்த ஸ்காலர்ஷிப்கள் எதற்குமே விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆராய்ச்சிப் படிப்பு என்றால் அமெரிக்காவில் டீச்சிங் அசிஸ்டன்ட், ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலை மூலமாகக் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் துறையே தருவது சாதாரணம், அதற்குப் பேராசிரியருக்கு நாம்தான் எழுத வேண்டும், இடையில் ஒருவர் புகுந்து ஆகப்போவது எதுவும் இல்லை.

நாங்கள் இப்போது செய்திருப்பது இவ்வளவு. விண்ணப்பம் போன பல்கலைக்கழகங்களின் அட்மிஷன் அலுவலகத்துக்குத் தம்பி தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதி, இந்த ஏஜென்ட் இனி என் சார்பில் பேச உரிமையில்லை, தொடர்பு முகவரியை மாற்றுங்கள் என்று கேட்டான், சில இடங்களில் அடையாளச் சான்று கேட்டார்கள், பிறகு மாற்றிவிட்டார்கள். அட்டை வழியாகக் கட்டிய தவணைக்கு, சொன்ன சேவை தரப்படவில்லை என்று வங்கியில் முறையிட்டிருக்கிறோம். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்த தவணைக்கு ரசீது மட்டும்தான் ஆதாரம், அதனால் ரொக்கம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். செவெனிங் மூடியிருந்த தேதிகள், ஃபாஃப்ஸா தகுதி விதி, அந்தத் தானியங்கித் தள்ளுபடிப் பக்கம், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு இணைத்திருக்கிறோம். வாயால் சொன்ன வாக்குறுதிகள் எதுவும் நிற்கவில்லை, வாட்ஸ்அப்பில் "கன்ஃபார்ம்" என்று அவர் தட்டியது மட்டும் நிற்கிறது.

இப்போது யாராவது கையெழுத்துப் போடும் கட்டத்தில் இருந்தால், இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்: நீங்கள் சொல்லும் ஸ்காலர்ஷிப் எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதா, போட்டியில் கிடைப்பதா? இந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து உங்களுக்குக் கமிஷன் உண்டா? எங்களோடு தொடர்பில் இருக்கும் ஒரு பெண் போன வாரம் இதை அனுப்பினார். "ஆபீஸுக்கு நேர்ல வாங்கம்மா, பேசிக்கலாம்" என்று பதில் வந்ததாம். அவர் போகவில்லை, முன்பணத்தையும் கட்டவில்லை.