‘அசல்’ முத்திரையை நம்பி 6,480 ரூபாய் போச்சு: ஆன்லைனில் எஞ்சின் ஆயில், சிவிடி ஆயில் வாங்குபவர்கள் படிக்கவும்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 6,480 ரூபாய். காருக்கு 0டபிள்யூ-20 எஞ்சின் ஆயில் மூன்றரை லிட்டர் 1,890, சிவிடி (பெல்ட்டால் ஓடும் ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் நாலு லிட்டர் 4,200, ஃபில்டரும் வாஷர்களும் 390. வாங்கியது எல்லோரும் வாங்கும் ஒரு பெரிய ஆன்லைன் ஷாப்பிங் தளத்தில். பெயர் போடவில்லை. இந்த விற்பனையாளன் நாளைக்கே வேறு பெயரில் இன்னொரு தளத்தில் கடை விரிப்பான். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்.

பாதி விலைக்குப் போட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இதில் அப்படி இல்லை. ஷோரூம் பார்ட்ஸ் கவுண்ட்டர் விலையைவிடப் பத்து சதவீதம்தான் குறைவு. பக்கத்தில் ‘அசல் பொருள்’ முத்திரை, 4.4 ஸ்டார், ஆயிரக்கணக்கில் ரேட்டிங். கேன் வந்தது: மூடி வளையம் உடையவில்லை, திருகினால் ‘டக்’ என்று சத்தத்தோடு திறந்தது, உள்ளே வெள்ளி ஃபாயில் ஒட்டியபடி இருந்தது. அந்த ‘டக்’ சத்தத்துக்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? ஆனால் மூடியும் ஃபாயிலும் ஒட்டும் மெஷினும் வெளியில் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த ரேட்டிங்கும் பொருளுக்குப் போட்டது. ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் விற்பார்கள். இன்று உங்களுக்கு அனுப்புகிறவனுக்கும் அந்த ஸ்டாருக்கும் சம்பந்தமே இருக்காது.

“வீட்டில் மாற்றினீர்கள், அதனால்தான் இப்படி ஆனது” என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் வேலை நடந்த விதத்தையும் எழுதிவிடுகிறேன். சமதரை, ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பில் வடித்தது. டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளவில்லை என்று விரலால் தடவிப் பார்த்து, புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. மேனுவலில் உள்ள அளவைவிடக் கால் லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேர்த்தது. மேல் கோட்டைத் தாண்டினால் எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரையால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

சிவிடியில் இன்னும் கவனம் வேண்டும். நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். வடித்துவிட்டு மேல் போல்ட் துருப்பிடித்து நின்றால் வண்டி நகராது. வடித்ததை ஆறவிட்டு அளவு ஜக்கில் அளந்து (சூட்டில் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்), அதே அளவு ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு கியர் லீவரை பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில வினாடி நிறுத்தி, மேனுவல் சொல்லும் சூட்டில் லெவல் பார்த்தது. எல்லாம் சரியாகத்தான் செய்யப்பட்டது. கேனுக்குள் இருந்தது மட்டும்தான் பொய்.

சில நூறு கிலோமீட்டரில் ஆரம்பித்தது. மேம்பாலம் ஏறும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று) ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. டிராஃபிக்கில் ஊர்ந்தால் ஒரு நடுக்கம். சிவிடிக்குள் ஒரு ஸ்டீல் பெல்ட் இரண்டு புல்லிகளுக்கு நடுவில் அழுத்தப்பட்டுச் சுற்றுகிறது. அந்த இடத்தில் பெல்ட் வழுக்காமல் பிடித்துக்கொள்வது ஆயிலின் குணத்தால். சாதாரண ஏடிஎஃபையோ (மற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கான ஆயில்) மட்டமான ஆயிலையோ ஊற்றினால் அந்தப் பிடி போகும், பெல்ட் வழுக்கும், புல்லியின் முகம் கீறும். கீறிய புல்லியை எந்த ஆயிலும் திரும்பச் சரிசெய்யாது. உடனே வடித்துப் பார்த்தபோது வடிக்கும் போல்ட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை (தேய்ந்த இரும்புத் தூள்) வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது. மெல்லிய பசை இருப்பது இயல்புதான். இதில் விரலில் நெருடும் துகளும் இருந்தது.

அதன் பிறகுதான் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தது. பிளாஸ்டிக் கேனின் அடியில் சின்ன வட்டம் இருக்கும்: சுற்றி 1 முதல் 12 வரை மாதம், நடுவில் வருடம், ஒரு அம்புக்குறி. கேன் வார்த்த மாதத்தை அது காட்டும். இதில் அம்பு ஜூலையில் நிற்கிறது. கேன் மேல் அச்சடித்த பேக்கிங் தேதி அதே வருடம் மார்ச். ஜூலையில் வார்த்த கேனில் மார்ச்சிலேயே ஆயில் நிரப்பிவிட்டார்களாம்! லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் வேறொரு பழைய லேபிளின் பசை.

எஞ்சின் ஆயிலுக்கு ஃபிரீசர் சோதனை. கவுண்ட்டரில் வாங்கிய அசல் 0டபிள்யூ-20 ஒரு சின்ன பாட்டிலில், இது இன்னொன்றில், ராத்திரி முழுக்க. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியில்கூட எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18தான். காலையில் சாய்த்தால் அசல் உடனே ஓடியது. இது வெல்லப்பாகு மாதிரி ஒரு பக்கமாக நின்றது. பார்ட்ஸ் கவுண்ட்டரில் சிவிடி ஆயிலின் மிச்சத்தைக் காட்டினால், முகர்ந்துவிட்டு “சார், இது எங்க ஆயிலே இல்ல” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இனி தளத்தின் பதில்கள். முதல் ஆள்: “டியர் கஸ்டமர், ரிட்டர்ன் காலம் 7 நாள், முடிந்துவிட்டது.” இரண்டாவது ஆள்: “திறந்த திரவப் பொருளைத் திரும்ப எடுக்க இயலாது.” மூன்றாவது ஆள் கேட்டதுதான் கொதிக்க வைத்தது: “சீல் உடைக்காத நிலையில் ஃபோட்டோ அனுப்புங்கள்.” திறக்காமல் போலி என்று எப்படித் தெரியும்? கேன் அடியின் ஃபோட்டோ, ஃபிரீசர் வீடியோ எல்லாம் அனுப்பியாயிற்று. விற்பனையாளனிடமிருந்து “மெக்கானிக் தவறு” என்று ஒரு வரி. அடுத்த நாள் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ். என்னத்தைத் தீர்த்தார்கள்? 6,480 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

6,480 ரூபாயோடு முடிந்தாலும் பரவாயில்லை. சிவிடியில் வடித்தால் பாதிக்குச் சற்று மேல்தான் வெளியே வரும், மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கும். பாதி பாதியாகப் போகிறது என்று வைத்தால் மூன்று தடவை வடித்த பிறகும் கெட்ட ஆயில் எட்டில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். தடவைக்கு மூன்றரை லிட்டர், ஆக பத்தரை லிட்டர் அசல் ஆயில், பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஃபில்டர் மட்டும் அசல். அதுவும் கெட்ட ஆயிலோடு குப்பைக்குப் போனது.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது தளத்தின் குறைதீர் அதிகாரி. போலிப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளன் சொல்லவே முடியாது. சாட்டில் பேசும் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகிவிட்டது. அங்கும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது.

விவரமாக டிப்ஸ் எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சிவிடி ஆயிலை ஆன்லைனில் வாங்கவே வாங்காதீர்கள், ஷோரூம் கவுண்ட்டரில் பில்லோடு வாங்குங்கள். எஞ்சின் ஆயில் வந்தால் திறப்பதற்கு முன் அடி வட்டத்தையும் பேக்கிங் தேதியையும் ஒப்பிடுங்கள், திறப்பதை வீடியோ எடுங்கள். ஊற்றும் முன் நூறு மில்லி தனியாக எடுத்து வையுங்கள், சாட்சிக்கு அதுதான் மிஞ்சும். காலி கேனைப் பழைய சாமான்காரரிடம் முழுசாகப் போடாதீர்கள், கத்தியால் அறுத்துவிட்டுப் போடுங்கள். அந்தக் கேன்களில்தான் மறுபடியும் நிரப்புகிறார்கள்.