கார்டு கடன்களை ஒரே கடனாக்கலாமா, இருந்த இடத்திலேயே அடைக்கலாமா?

மூன்று கிரெடிட் கார்டு, மூன்று கெடு தேதி. ஒவ்வொன்றிலும் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு, "எல்லாத்தையும் சேர்த்து ஒரே லோனா போட்டுடலாமா?" என்று ராத்திரி யோசிக்கிற நிலைமையில் நானும் இருந்திருக்கிறேன். அப்போது எல்லோரும் ஏதாவது ஒரு வழியைச் சொன்னார்களே தவிர, யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. அதனால் இங்கே கணக்கையே போட்டு விடுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டு: கார்டில் ஒரு லட்சம் கடன், மாத வட்டி 3 சதவீதம். மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36 என்று தோன்றும். வட்டிக்கு வட்டி சேர்வதால் உண்மையில் அது 42.6 சதவீதம் பக்கம் வருகிறது.

முதலில் எதையும் மாற்றாமல் இருப்பதைப் பார்ப்போம், ஏனென்றால் பலர் தெரியாமலே தேர்ந்தெடுத்திருக்கும் வழி அதுதான். மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, பாக்கியில் 5 சதவீதம் என்று வையுங்கள். முதல் மாதம் 3,000 வட்டி ஏறி 1,03,000 ஆகும், நீங்கள் 5,150 கட்டுவீர்கள், மீதி 97,850. அதாவது ஐயாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போயிருக்கிறது, கடனில் குறைந்தது 2,150தான். கடன் குறையக் குறைய மினிமமும் குறைந்துகொண்டே வருவதால் நிம்மதியாக இருப்பது போலத் தெரியும், ஆனால் இப்படியே 32 மாதம் கட்டினாலும் கடனில் பாதிதான் தீர்ந்திருக்கும், அதற்குள் நீங்கள் கட்டிய தொகை ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகியிருக்கும். இடையில் அந்தக் கார்டில் ஒரு ரூபாய்க்குக்கூடப் பொருள் வாங்கவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு. வாங்கினால் இன்னும் மோசம், ஏனென்றால் பழைய பாக்கி நிற்கும் கார்டில் பொதுவாகப் புதுச் செலவுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

சரி, பர்சனல் லோன். வருடத்துக்கு 15 சதவீத வட்டியில், மூன்று வருடத்துக்கு ஒரு லட்சம் கிடைக்கிறது என்று வைப்போம். தவணை 3,466. மூன்று வருடத்தில் மொத்தம் 1,24,800 அளவில் கட்டி முடிப்பீர்கள், வட்டி ஏறக்குறைய 24,800. அதே 3,466-ஐ லோன் எடுக்காமல் நேராகக் கார்டிலேயே மாதாமாதம் கட்டினால்? முடிய 68 மாதம் ஆகும், வட்டி மட்டும் 1,35,000 பக்கம். பாக்கெட்டிலிருந்து போகும் மாதத் தொகை ஒன்றுதான், ஆனால் இரண்டரை வருடத்துக்கு மேல் முன்னாலேயே முடிகிறது, ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடியும் போட்டேன்.

இதனால் லோன்தான் நல்லது என்று உடனே கிளம்பி விடாதீர்கள், லோன் கொடுப்பவர் அடுத்து ஒரு கேள்வி கேட்பார்: "தவணையைக் கொஞ்சம் குறைச்சு, அஞ்சு வருஷமா போட்டுக்கலாமா?" தவணை 2,379 ஆகும், மாதம் ஆயிரம் குறைகிறதே என்று மனசு சாயும். ஆனால் மொத்த வட்டி 42,700 ஆகிவிடும், அதாவது அந்த ஆயிரத்துக்காகப் பதினெட்டாயிரம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். கார்டுக்கு இன்றைக்கு மாதம் எவ்வளவு கட்டிக்கொண்டிருக்கிறீர்களோ அதே தொகையை லோனிலும் கட்ட முடிந்தால்தான் மாற்றுவதில் முழுப் பலன் இருக்கிறது. "தவணை எவ்வளவு குறையும்" என்று கேட்டுக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் நீண்ட கடனோடுதான் திரும்புவார். வருமானமே குறைந்துபோய் வேறு வழியில்லை என்றால் நீட்டிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை, விலை தெரிந்து நீட்டுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ப்ராசசிங் ஃபீஸ், அதாவது லோன் கொடுப்பதற்கே பிடிக்கும் கட்டணம். 2 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்தால் ஒரு லட்சத்துக்குக் கையில் வருவது 98,000. அதைக் கார்டில் கட்டினால் 2,000 பாக்கி அங்கேயே நிற்கும், அதுக்கு அதே 3 சதவீதம். எனவே பிடித்தம் போக வருவது எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள். இன்னொன்று ஃப்ளாட் ரேட். "வெறும் 10 சதவீதம்" என்பார்கள். மூன்று வருடமும் முழு ஒரு லட்சத்துக்கும் 10 சதவீதம் என்று போட்டு 30,000 வட்டி, தவணை 3,611. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள் அல்லவா, அதைக் கணக்கில் எடுத்தால் உண்மை வட்டி ஏறக்குறைய 18 சதவீதம். மேலே சொன்ன 15 சதவீத லோனைவிட இதுதான் விலை அதிகம், கேட்பதற்கு மலிவாக இருந்தாலும்.

அடுத்து பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். வேறொரு கார்டு உங்கள் பாக்கியை வாங்கிக்கொண்டு சில மாதங்களுக்கு வட்டி இல்லை என்கிறது, அதற்கு ஒரு கட்டணம். 12 மாதம் வட்டியில்லை, கட்டணம் 3 சதவீதம் என்றால் 1,03,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 8,583 கட்டி முடித்துவிடலாம். மொத்தச் செலவு 3,000. இதைவிட மலிவான வழி இந்தப் பட்டியலில் கிடையாது, மாதம் எட்டாயிரத்து ஐந்நூறு கட்ட முடிகிறவர் யோசிக்கவே வேண்டாம். முடியாதவருக்கு? அதே 3,466 மட்டும் கட்டுகிறார் என்றால் வருடக் கடைசியில் 61,400 பாக்கி இருக்கும், பதிமூன்றாம் மாதத்திலிருந்து பழைய வட்டி தொடங்கும், முடிய மொத்தம் 38 மாதம், போவது 1,30,500 பக்கம். மூன்று வருட லோனுக்கு ஃபீஸும் சேர்த்தால் 1,27,000 சொச்சம் ஆகும், ஆக வித்தியாசம் நான் எதிர்பார்த்த அளவு பெரிதாக இல்லை. ஆனால் இங்கே ஒரு தவணை தவறினால் சலுகை வட்டியே ரத்தாகிவிடலாம், லோனில் அந்தப் பயம் இல்லை. அப்புறம் அந்தப் புதுக் கார்டில் பொருள் வாங்காதீர்கள், சலுகை பெரும்பாலும் மாற்றிய பாக்கிக்கு மட்டும்தான்.

வீட்டையோ நகையையோ அடமானம் வைத்து அடைப்பதில் பர்சனல் லோனைவிட வட்டி பெரும்பாலும் குறைவாக இருக்கும். எனக்கு இது பிடிக்காத வழி. கார்டு கடன் கட்ட முடியாமல் போனால் தொல்லை வரும், கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண்) போகும், வழக்கு வரலாம், ஆனால் அந்தக் கடனுக்கு ஈடாக நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. துணி வாங்கிய கடனுக்குக் குடியிருக்கிற வீட்டை ஈடாக்குவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

லோன் எதுவும் எடுக்காமல் நாமே அடைப்பதும் ஒரு வழிதான், சின்னக் கடனுக்கு அதுவே சரி. 40,000 பாக்கி, மாதம் 8,000 கட்ட முடியும் என்றால் ஆறாவது மாதம் முடிந்துவிடும், வட்டி 4,000. லோன் எடுத்து ஆறு மாதத்தில் கட்டினால் வட்டி 1,800, ஃபீஸ் 800, மிச்சம் 1,400 அளவுதான், அதுவும் முன்கூட்டி அடைக்கத் தனிக் கட்டணம் போடாமல் இருந்தால். பல கார்டு இருந்தால் எல்லாவற்றிலும் மினிமம் கட்டிவிட்டு, மீதிப் பணம் முழுவதையும் வட்டி அதிகமான கார்டில் போடுவது கணக்குப்படி லாபம். சின்னப் பாக்கியை முதலில் முடிப்பது மனசுக்கு லாபம், ஒரு கார்டு தீர்ந்ததும் அதன் மினிமம் அடுத்ததற்குப் போகும். வட்டி வித்தியாசம் வருடத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம்தான் என்றால் சின்னதையே முதலில் முடியுங்கள், தொடர்ந்து கட்டுகிற தெம்பு வரும்.

நான் லோன் பக்கம் போனேன். காரணம் வட்டி மட்டும் இல்லை, முடியும் தேதி ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் லோன் பணம் வந்து மூன்று கார்டிலும் கட்டிய அன்று, மூன்று லிமிட்டும் முழுசாகத் திறந்து கிடந்தன, அந்த வாரம்தான் ரொம்ப ஆபத்தானது. அதில் மறுபடி செலவு செய்தால் லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். கைபேசியில் ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருந்த கார்டு எண்களை ஒவ்வொன்றாக நீக்கினேன், அதற்கு ஒரு மணி நேரம் ஆனது, அத்தனை இடத்தில் இருந்தது. கார்டுகளை உடனே மூடவும் இல்லை, பழைய கார்டை மூடினால் மொத்த லிமிட் குறைந்து ஸ்கோர் அடிபடக்கூடும். இரண்டை அலமாரியில் பூட்டி, ஒன்றை மட்டும் பிறகு மூடினேன். கொஞ்சம் கூடச் செலவைக் கட்டுப்படுத்த முடியாது என்று தோன்றினால் ஸ்கோரைப் பார்க்காமல் மூடிவிடுங்கள்.

கட்டி முடித்த அடுத்த மாதம் ஒரு கார்டிலிருந்து மறுபடியும் பில் வந்தது. ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நான் பணம் கட்டிய தேதிக்கும் இடையில் ஓடிய வட்டி. சின்னத் தொகைதான், ஆனால் பாக்கி இல்லை என்று நினைத்து ஸ்டேட்மென்ட்டைத் திறக்காமல் விட்டிருந்தால் அதற்குத் தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கும். எனவே லோன் பணம் வந்ததும் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் கட்டாமல், "இன்றைக்கு முழுசாக முடிக்க எவ்வளவு?" என்று போன் செய்து கேட்டுக் கட்டுங்கள், அடுத்த இரண்டு மாதம் ஸ்டேட்மென்ட்டில் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள்.